ஈரப் பஞ்சும் மஞ்சள் நகமும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தைச் சொல்லவேண்டும் என்று கேட்க வந்தவர்கள், "மேடம், நல்லதா நாலு விஷயம் சொல்லுங்க, போதும்" என்றார்கள். நல்லதாக நாலு விஷயம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷம் தரம் பார்த்து, பழுது கண்டுபிடித்து, பிறர் தப்பைச் சுட்டிக்காட்டியே சம்பளம் வாங்கியவள் நான். ஓய்வு பெற்ற பிறகாவது என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் இப்போது என்னால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது!

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். அதற்குள் தடுப்புப் போட்டு, ஏசி வைத்து, ஓர் அறை. அந்த அறையில் முப்பது பெண்கள் உட்கார்ந்து பட்டாம்பூச்சி ஊசி செய்தார்கள். இன்றைக்கு உங்களுக்கு அதைப் பார்த்தவுடன் தெரியும். அன்றைக்கு வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். மெல்லிய ஊசி, அதன் அடியில் பிடித்துக்கொள்ள இரண்டு பிளாஸ்டிக் சிறகு, பின்னால் ஒரு முழ நீளத்துக்கு நூல்போல டியூப், டியூபின் கடைசியில் குளுக்கோஸ் பாட்டில் குழாயைச் செருகுவதற்கு ஒரு வாய். அவ்வளவுதான்.

ஆனால் அது யாருக்குப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். டாக்டர் ரத்தக்குழாய் என்பதை நம் ஜனங்கள் நரம்பு என்பார்கள். வாந்தியும் பேதியுமாகத் துவண்டுபோன கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கையில் நரம்பு கிடைக்காது, காலில் கிடைக்காது. கடைசியில் தலையில் ஓரத்து முடியை வழித்துவிட்டு, அங்கே ஓடும் பச்சைக் கோட்டில் இந்த ஊசியைத்தான் ஏற்றுவார்கள். சிறகை பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்கும் உயிருக்கும் நடுவில் நாம் செய்த டியூப்தான் இருக்கும்.

இதை நான் தினமும் ஒரு தடவை சொல்வேன். பெண்களுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். பி.எஸ்.ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு சும்மா இருக்கிறாளே என்று பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தேன். கெமிஸ்ட்ரி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானத்தை வாங்கப்போவது அதுதான்.

தரக்கட்டுப்பாடு முழுக்க என் தலையில். அறைக்குள் பொட்டு கூடாது, பூ கூடாது, பவுடர் கூடாது, வெற்றிலை கூடாது. ஒரு தடவை ஒட்டிய பாக்கெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் பொட்டு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து நான் பேயாகிவிட்டேன். காலையில் கதவருகே ஈரப் பஞ்சோடு நிற்பேன். குங்குமம் இருந்தால் துடைப்பேன், நகத்தைத் திருப்பிப் பார்ப்பேன், மடியைத் தட்டச் சொல்வேன். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'பஞ்சு மேடம்'. என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள். நன்றாகவே விழும்.

பாக்கெட் ஒட்டும் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் கன்னியம்மா. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். புருஷன் எங்கோ போய்விட்டான். இரண்டு பிள்ளைகள், மாமியார், இவள் என நாலு வயிறும் இவள் சம்பளத்தில்தான். கையில் அப்படி ஒரு வேகம், வாயில் அதைவிட வேகம். வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டாள். இடுப்பில் செருகியிருக்கும் சுண்ணாம்பு டப்பியைத் தினமும் நான் பிடுங்கி மேஜை டிராயரில் போடுவேன். மறுநாள் இன்னொரு டப்பியோடு வருவாள்.

"மேடம், உன் டிராயர்ல கீற சுண்ணாம்ப வெச்சு ஷெட்டுக்கே வெள்ளையடிக்கலாம்" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்கமாட்டேன். சிரித்தால் மரியாதை போய்விடும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எங்களுக்கு முதல்முதலாக ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வேலப்பன்சாவடி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வந்திருந்த ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. முதல் சரக்கு பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க எங்களிடம்தான் வாங்குவார்கள். எங்கள் சார், அதாவது கம்பெனி முதலாளி, அதை நம்பிப் புது பாக்கெட் மிஷின் ஒன்றை இறக்கினார். அது வந்த நாளிலிருந்து ஒரே மக்கர். ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் வாயைப் பிளக்கும். பக்கத்து ஊரான பாடியிலிருந்து மெக்கானிக் மூன்று தடவை வந்து போனார்.

அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை. ஆபீஸ், வாசல், லாரி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. என் அறைக்கு மட்டும் பூட்டு. உள்ளே ஒரு பொட்டுகூட வைக்கக்கூடாது என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன்.

கன்னியம்மா விடவில்லை. "இன்னா மேடம் நாயம் இது? கக்கூஸ் மோட்டாருக்குகூட பொட்டு வெச்சாச்சு. சோறு போடற மிஷினுக்கு ஒண்ணியும் இல்ல. அதான் அது மூஞ்சிய தூக்கிவெச்சிகினு கீது."

"மிஷினுக்கு வேண்டியது மெக்கானிக். கற்பூரம் இல்லை" என்றேன். எல்லார் முன்னாலும் நல்ல சத்தமாக, அறிவாளி மாதிரி.

பூஜை முடிந்து, பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மத்தியானமே எல்லோரும் போய்விட்டார்கள். பூட்டிவிட்டுப் போகவேண்டியது நான். வாசலில் திருஷ்டி சுற்றிய ஆரத்தித் தட்டு அப்படியே இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர், பாதிக்கு மேல் மிச்சம். நான் அதைப் பார்த்தேன். பிறகு அறைக் கதவைப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வாரம் சரக்கு போகவேண்டும். மிஷின் இப்படியே இருந்தால் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் சார் ஷெட்டை மூடிவிடுவார் என்று பேச்சு. ஒரு சுற்று சுற்றினால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று மனசு சொன்னது. சுற்றாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்றும் அதே மனசு சொன்னது. கதவைத் திறந்து, தட்டை எடுத்துப்போய், மிஷினுக்கு மூன்று சுற்று ஆரத்தி எடுத்தேன். கற்பூரம் மட்டும் ஏற்றவில்லை. புகை வருமே! அவ்வளவு சுத்தம் பார்த்தவள் நான்.

தட்டு கொஞ்சம் தளும்பியது. மிஷின் மேல் விழுந்ததைத் துடைத்துவிட்டேன். பக்கத்து மேஜையில், மறுநாள் பாக்கெட் போடுவதற்காக ஊசிகள் தட்டில் அடுக்கியிருந்தன. டியூபின் வாய் மேலே பார்த்தபடி வரிசையாக நிற்கும். அதுதான் எங்கள் வழக்கம். மேலே துணி மூடியிருந்தது. முழுக்க மூடியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. மிஷின் ஒரு பிசகு இல்லாமல் ஓடியது. பூஜைக்கு முந்தின நாள் சாயந்திரம்தான் மெக்கானிக் உள்ளே சூடேறும் கம்பியை மாற்றிவிட்டுப் போயிருந்தார், அதற்குப் பிறகு யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஆரத்திதான் வேலை செய்தது என்று உள்ளுக்குள் ஒரு குஷி. யாரிடமும் மூச்சு விடவில்லை. கன்னியம்மா அன்றைக்கு விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். கேட்டதற்கு, "தெருமொனையில பூசணிக்கா ஒடைச்சேன், சில்லு கீறிடுச்சு" என்றாள். கட்டின் மேல் ரப்பர் உறை மாட்டச் சொல்லி உட்காரவைத்தேன்.

சரக்கு போயிற்று. இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது.

ஆஸ்பத்திரியின் மேட்ரன் பேசினார். ஒட்டிய பாக்கெட்டைப் பிரிக்கப்போன நர்ஸ் ஒருத்தி, பிரிக்குமுன் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். டியூபின் வாயில் காய்ந்துபோன செம்பழுப்புக் கறை. தேடிப் பார்த்ததில் அதுபோல மூன்று பாக்கெட். "யாருக்கோ போட்ட ஊசியைக் கழுவி மறுபடியும் பாக்கெட் போட்டு அனுப்புறீங்களா? இதைக் குழந்தைக்கு ஏத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டார். ஊரில் சுவருக்குச் சுவர் எய்ட்ஸ் என்று எழுதி வைத்திருந்த காலம் அது. ஒரு ஊசியில் ரத்தம் என்றால் அந்தக் கம்பெனியின் கதை அன்றோடு முடிந்தது. பெரிய டாக்டர் மறுநாள் மூன்று மணிக்கு வருவார், அவர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு மேலிடத்துக்கும் எழுதப்போகிறார், சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அதற்குள் வாருங்கள் என்று சொல்லி மேட்ரன் போனை வைத்துவிட்டார்.

சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மூன்றில் ஒரு பாக்கெட்டை வாங்கிவந்தார். பார்த்தேன். ரத்தம் மாதிரியே இருந்தது. எங்களிடம் ஒரு விதி உண்டு: ஊசி குத்தி ரத்தம் வந்தால் உடனே சொல்லவேண்டும், அந்தத் தட்டையே குப்பையில் போடுவோம். சொன்னவளைத் திட்டமாட்டோம். மறைத்தவளுக்கு வேலை போய்விடும். பாக்கெட்டில் இருந்த நம்பரைப் பார்த்தேன். விஜயதசமி அன்று ஒட்டியது. அன்றைக்கு விரலில் கட்டோடு இருந்தவள் யார்?

கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். "உண்மையைச் சொல். அன்னைக்கு ஊசிதானே குத்துச்சு?"

"இன்னா மேடம் பேசற? பூசணிக்கா சில்லுன்னு அன்னைக்கே சொன்னேனே. ஊசி குத்துனா உன்னாண்ட சொல்லாம யாராண்ட சொல்லுவேன்?"

"பொய் சொல்லாதே கன்னியம்மா."

"என் புள்ளைங்க மேல சத்தியமா குத்தல!" குரல் உடைந்துவிட்டது. "அஞ்சு வருசமா இங்க கீறேன். ஒருநாளு, ஒரே ஒருநாளு டபாய்ச்சிருக்கனா சொல்லு."

நான் சாரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒரு தலையாட்டல். சார் அவளை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் சுண்ணாம்பு டப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் சார் ஒரு கடிதத்தை டைப் அடித்து என் மேஜையில் வைத்தார். தவறு செய்த ஊழியரைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டோம், இனி இப்படி நடக்காது என்று. தரக்கட்டுப்பாட்டு அதிகாரி கையெழுத்துப் போடவேண்டும். பேனாவைத் திறந்தேன். போடுமுன் அந்தப் பாக்கெட்டை இன்னொரு தடவை பூதக்கண்ணாடியில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. முந்தின நாள் பதற்றத்தில் வெறும் கண்ணால் பார்த்ததோடு சரி.

கறையின் நடுவில் பழுப்பு. ஓரத்தில், முடி கனத்துக்கு, மஞ்சள்.

ரத்தம் காய்ந்தால் ஓரம் மஞ்சளாகாது. எதன் ஓரம் மஞ்சளாகும் என்று யோசித்தேன். தட்டு தளும்பியது, துணி, மேலே பார்த்துக்கொண்டிருந்த டியூப் வாய்கள், எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. கடவுளே, அது என் ஆரத்தி!

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த அறையில் யாரும் இல்லை. கடிதம் தயாராக இருக்கிறது. பழி போட ஆள் கிடைத்தாகிவிட்டது, அவள் போயும் விட்டாள். நான் கையெழுத்தைப் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. உடனே எழுந்து ஓடி உண்மையைச் சொன்னேன் என்று உங்களிடம் பீற்றிக்கொள்ள ஆசைதான். ஓடவில்லை. கால் மணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவளுக்கு வேறு வேலை கிடைக்கும் என்றேன். எப்படியும் வெற்றிலை போடுகிறவள்தானே என்றேன். கடைசியில் ஏதோ எடுக்க டிராயரைத் திறந்தால், உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு டப்பிகள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"நீங்களா? நீங்களாம்மா? என் சம்சாரம் பூ வெச்சிக்கிட்டு உள்ள எட்டிப் பார்த்தப்போ வெளிய தள்ளினீங்களே, அந்த நீங்களா?"

"நான்தான் சார்."

"ஆரத்தின்னு போய்ச் சொன்னா எவன் நம்புவான்? கதை விடுறோம்னு சொல்ல மாட்டாங்களா?"

அப்போதுதான் நான் படித்த கெமிஸ்ட்ரி, இரண்டு வாரம் தாமதமாக, வேலைக்கு வந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், எலுமிச்சை பட்டால் திரும்ப மஞ்சளாகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். சாரை மூன்று மணிக்கு நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்கு அல்ல, நெமிலிச்சேரிக்கு.

கன்னியம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை.

"இன்னா, இன்னும் இன்னா பாக்கி கீது? சத்தியம் பண்ணது பத்தலயா?"

நின்றபடியே சொன்னேன். ஆயுத பூஜை, தட்டு, மூன்று சுற்று, கற்பூரம் ஏற்றாதது, எல்லாம். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீயா? பஞ்சு மேடமா? ஆரத்தியா? ஐயோ, கற்பூரம் ஏத்தலயாமே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மாமியாராண்ட இன்னா சொல்றதுன்னு தெரியாம, லீவுன்னு சொல்லிகினு உக்காந்துகீறேங்க்கா. திருடிப்பட்டம் கட்டி அனுப்புனா மாரி இருந்துச்சு."

மன்னித்துக்கொள் என்று கேட்டேன். அதுவரை வேலையிடத்தில் யாரிடமும் கேட்டதில்லை. அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "இரு, பொடவ மாத்திகினு வரேன். நானும் வரேன் ஆஸ்பத்திரிக்கு. நீ பாட்டுக்குப் போயி அங்கியும் எதுனா சுத்திட்டு வந்துடுவே" என்றாள்.

ஆவடி மார்க்கெட்டில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு, பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். சார் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பெரிய டாக்டர் மேஜைக்குப் பின்னால், மேட்ரன் பக்கத்தில். நான் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "என்கிட்ட இருக்கற ரெண்டு பாக்கெட்டைத் தொடாம, உங்க கையில இருக்கறதுலதான் செஞ்சு காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"உங்ககிட்ட இருக்கறதுலதான் சார் பார்க்கணும். எங்க கையில இருக்கறதுல பார்த்தா நாங்க ஏதோ செஞ்சுட்டோம்னு ஆயிடும். நீங்களே பிழிங்க" என்றேன்.

மேட்ரன்தான் பிழிந்தார். அதற்கு முன்னால் டாக்டர் லேபிலிருந்து காய்ந்த ரத்தக் கறை உள்ள ஒரு பஞ்சைக் கொண்டுவரச் சொன்னார். மனுஷர் கெட்டிக்காரர். ரத்தத்தின் மேல் எலுமிச்சை விழுந்தது. பழுப்பு பழுப்பாகவே இருந்தது. டியூபின் வாயில் ஒரு சொட்டு விட்டார். எல்லோரும் குனிந்தோம். கறை கண்ணெதிரே இளகி, பளிச்சென்று மஞ்சளாயிற்று. சார் பெருமூச்சு விட்டது அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

"இது போதுமா?" என்று டாக்டர் இழுத்தார்.

"போதலன்னா இத்த வெச்சுப் பாரு டாக்டரு" என்று கன்னியம்மா இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து மேஜை மேல் டக்கென்று வைத்தாள். "அடுத்தத பிரிச்சு இத்த தண்ணில கரைச்சு ஒரு சொட்டு வுடு. செவக்கும். அந்த ரத்தப் பஞ்சுலயும் வுடு, செவக்காது. ரத்தம் இன்னா கல்யாண ஊட்டு ஆரத்தியா, ஆளுக்கு ஏத்த மாரி கலரு மாத்திகினு திரிய?"

விட்டார்கள். குங்குமமாகச் சிவந்தது. டாக்டரே சிரித்துவிட்டார். நான் பிடுங்கிப் பிடுங்கிப் போட்ட அதே டப்பிதான் அன்றைக்கு எங்கள் மானத்தைக் காப்பாற்றியது.

மேட்ரன் மட்டும் சிரிக்கவில்லை. "ரத்தம் இல்லைன்னு சந்தோஷப்பட்டுக்காதீங்க. எங்க பொண்ணு வெளிச்சத்துல பார்க்காம ஏத்தியிருந்தா, சுண்ணாம்புத் தண்ணி குழந்தையோட நரம்புல போயிருக்கும். அது சாமிக்குச் செஞ்சதா இல்லையான்னு குழந்தைக்குத் தெரியாது" என்றார். தலைகுனிந்து நின்றேன்.

பிறகு அவரே சொன்னார்: "தப்பு செஞ்ச ஆளை நீக்கிட்டோம்னு ஒரு லெட்டர் வரும்னு எதிர்பார்த்தேன். எல்லாக் கம்பெனியும் அதைத்தான் அனுப்புவாங்க. அனுப்பினவங்ககிட்ட நான் மறுபடி வாங்கறது இல்லை." சார் சட்டைப் பையில் இருந்த கடிதத்தை உள்ளேயே கசக்கிக்கொள்வதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அந்த நாளில் ஒட்டிய அத்தனை பெட்டியையும் திரும்ப எடுத்துக்கொண்டு புதிதாகச் செய்து தரவேண்டும், இனிமேல் உள்ளே எதுவும் நுழையாது என்று எப்படி உறுதி சொல்வீர்கள் என்பதை எழுதித் தரவேண்டும் என்றார் டாக்டர். ஆர்டர் தப்பித்தது. என்ன எழுதுவது என்று நானும் சாரும் முழித்தோம்.

கன்னியம்மா இடையில் புகுந்தாள். "எங்க கையெல்லாம் இவங்க பாக்குறாங்க. இவங்க கைய யாரு சார் பாக்கறது?"

டாக்டர் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். "நீயே பாரும்மா" என்று சார் கன்னியம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் காலை கதவருகே ஈரப் பஞ்சோடு கன்னியம்மா நின்றாள். முப்பது பெண்களும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லி, அவள் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்றேன். யாரோ ஒருத்தி, "கற்பூரம் ஏத்தலயாமே" என்று மெல்லச் சொல்ல, ஷெட்டே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். மரியாதை ஒன்றும் போய்விடவில்லை.

"கைய காட்டு பஞ்சு மேடம்" என்றாள் கன்னியம்மா. முதல்முதலாக என் முகத்துக்கு நேராக அந்தப் பெயர்! நீட்டினேன். அவள் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"விஜயதசமி அன்னிக்கே பாத்தேங்க்கா. மிஷின் காலாண்ட செவப்பா ஒரு சொட்டு. உன் நகத்துல மஞ்ச. இன்னாடா இதுன்னு கேக்க வாய் வந்துச்சு. பெரிய மேடமாச்சே, எப்பிடிக் கேக்கறதுன்னு முழுங்கிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கே அவள் கேட்டிருந்தால் அந்தச் சரக்கு வாசலைத் தாண்டியிருக்காது. கேட்க முடியாதபடி வைத்திருந்தது நான். ஐந்து வருஷம் கதவருகே நின்று எல்லோர் கையையும் பார்த்தேன், என் கையைப் பார்க்க ஒருத்திக்கும் தைரியம் வராதபடி பார்த்துக்கொண்டேன். ஆரத்தி எடுத்ததைவிடப் பெரிய தப்பு அதுதான்.

இந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்தில், ஆகக் கடைசியாக வந்தவர்தான் கதவருகே நின்று எல்லோர் கையையும் பார்க்கவேண்டும், மேனேஜரில் தொடங்கி, என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இது என்ன கிறுக்குத்தனம் என்று உங்களில் சிலர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கன்னியம்மா கிளப்பியதுதான் அது. அவள் பிறகு இருபது வருஷம் இங்கே வேலை பார்த்து, மேற்பார்வையாளராகி, நான் ஓய்வு பெற்ற நாளில்கூட என் கையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

நாளைக் காலையில் உங்களில் ஒருத்தி கையில் ஈரப் பஞ்சு இருக்கும். மேனேஜர் வந்து கையை நீட்டுவார். கூச்சப்பட்டு, சும்மா ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள், விரல் விரலாகப் பாருங்கள், நகக்கண்வரை பாருங்கள். எனக்கு மஞ்சள் இருந்தது அங்கேதான்.